கார்ப்பெட்டில் சாம்பார் கொட்டிவிட்டது, வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் – அவசர உதவி

புதுக்குடித்தனம்:
எல்லாருக்கும் வணக்கம். தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள். நேற்று ராத்திரி ஹாலில் சாம்பார் கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. கார்ப்பெட் சந்தன நிறம். துடைத்துப் பார்த்தோம், போகவில்லை, முன்னைவிட மோசமாகத் தெரிகிறது. வியாழக்கிழமை ஏஜென்ட் வீட்டைப் பார்க்க வருவதாக மெயில் வந்திருக்கிறது. டெபாசிட் முழுக்கப் போய்விடுமா? காலி பண்ணச் சொல்வார்களா? கணவர் ஆபீஸுக்குப் போய்விட்டார். ஊருக்கு போன் பண்ணிச் சொன்னால் அம்மா பயந்துவிடுவார்கள்.

ஸ்கார்பரோ மாமா:
பயப்படாதேங்கோ பிள்ளை. நாங்கள் வந்த புதுசில் பேஸ்மென்டில்தான் இருந்தோம். அதில் கிடந்த கார்ப்பெட்டின் நிறம் என்ன என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. பனிக்காலம் முழுக்க அதிலேதான் படுக்கை, அதிலேதான் சாப்பாடு. ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாது. இரண்டு ஷிஃப்ட் வேலை முடித்து வந்து புட்டும் கறியும் சிந்தினால் யார் பார்க்கிறது? டெபாசிட் பற்றியும் யோசிக்க வேண்டாம். டேமேஜ் டெபாசிட் வாங்கவே சட்டத்தில் இடமில்லை, கடைசி மாத வாடகையை மட்டும்தான் முன்கூட்டி வாங்கலாம்.

மெல்பர்ன் மணி:
மாமா, அது ஒன்டாரியோ சட்டம். எங்கள் விக்டோரியாவில் பாண்ட் என்று டெபாசிட் வாங்குவார்கள், ஆனால் அது வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரசு அமைப்பிடம் போய்விடும். அம்மணி எந்த நாட்டில் இருக்கிறார் என்று சொல்லவே இல்லையே. கறைக்கு என் வைத்தியம்: பேக்கிங் சோடாவைத் தூவி மேலே வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துக்கொண்டு கறை மேலே வந்துவிடும்.

கோவை டு லீட்ஸ்:
அந்த நுரை வெறும் காற்று மணி. சோடாவும் வினிகரும் ஒன்றை ஒன்று அடித்துவிட்டு, மிச்சம் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். கறை நீக்கும் வேனிஷ் பவுடரை வாங்கித் தேய்த்துவிடுங்கள், வேலை முடிந்தது.

சும்மாப்பார்க்கவந்தேன்:
டாய்லெட் ப்ளீச் ஒரு மூடி ஊற்றினால் எல்லாம் போய்விடும். வினிகரையும் சேர்த்தால் இன்னும் வேகமாகப் போகும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
ஐயோ, அதை மட்டும் செய்துவிடாதே தங்கச்சி! ப்ளீச்சில் வினிகர் பட்டால் குளோரின் வாயு வரும். அம்மோனியா கலந்த கிளீனர் பட்டாலும் விஷவாயுதான். கறை போனாலும் கார்ப்பெட்டில் வெள்ளைத் திட்டு விழும், அதை எந்தக் கடவுளாலும் திருப்ப முடியாது. ஆமாம், ஹாலில் உட்கார்ந்து எதற்குச் சாம்பார்? வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் குழம்பு எல்லாம் கிச்சனோடு சரி.

கோவை டு லீட்ஸ்:
அக்கா, இங்கே கிச்சனில் ரெண்டு பேர் நின்றாலே மூன்றாவது ஆள் வெளியேதான். டேபிள் எங்கே போடுவது?

மெல்பர்ன் மணி:
அதுதானே. சிமென்ட் தரையில் வளர்ந்தவர்களை ஒரு கம்பளியின் மேல் குடி வைத்துவிட்டு, சிந்தாதே என்றால் எப்படி? தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ள முடியாத தரையைக் கண்டுபிடித்தவனைச் சொல்ல வேண்டும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
நாங்கள் முதலில் இருந்த வீட்டில் பாத்ரூமுக்குள்ளேயே கார்ப்பெட். சத்தியமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவை குளித்து முடித்ததும் ஓரமெல்லாம் துண்டு வைத்து ஒற்றிக்கொண்டிருப்பேன். ஏஜென்ட் வந்தால் கதவைத் திறந்ததுமே மூக்கைச் சுளிப்பார். தாளிப்பு வாசனை அவருக்கு ஆகாதாம். வாடகை மட்டும் ஆகும்.

ஸ்கார்பரோ மாமா:
இங்கே கருவாடு பொரித்தால் பக்கத்து யூனிட்டிலிருந்து கம்ப்ளெயின்ட் வரும்.

திருப்பூர் சாயக்காரன்:
கருவாட்டை அப்புறம் பார்ப்போம் மாமா. புதுக்குடித்தனம் அக்கா, நாலு விஷயம் சொல்லுங்கள். எந்த ஊரில் இருக்கிறீர்கள்? கார்ப்பெட் கம்பளியா, செயற்கை நூலா? இதுவரை அதில் என்னென்ன போட்டீர்கள்? "மோசமாகிவிட்டது" என்றால் பரவியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா?

புதுக்குடித்தனம்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதவில்லை. லண்டன் பக்கம் ஹாரோ. என்ன நூல் என்று தெரியவில்லை. கொட்டியதும் அவர் பாத்திரம் கழுவும் ஃபேரி லிக்விட் போட்டுத் தேய்த்தார், அப்புறம் பேக்கிங் சோடாவைக் கரைத்து ஊற்றினார். ஊற்றிய இடம் மட்டும் மஞ்சள் போய்ச் செம்மண் நிறமாகிவிட்டது. சுற்றி எண்ணெய் வளையமும் இருக்கிறது. பாப்பா தவழ்கிறாள், அந்தப் பக்கம் விடாமல் வைத்திருக்கிறேன்.

திருப்பூர் சாயக்காரன்:
அந்தச் சிவப்புக்குப் பயப்பட வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்குமே, அதே சங்கதிதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் திரும்பவும் மஞ்சளாகும். கறை புதிதாக எதுவும் ஏறவில்லை. சோடா மட்டும் இனி வேண்டாம்.

முதல் வேலை, நூலைக் கண்டுபிடிப்பது. அலமாரிக்குள்ளே கார்ப்பெட் முடியும் மூலையிலிருந்து ரெண்டு இழை பிடுங்குங்கள். சிங்க்குக்கு மேலே இடுக்கியில் பிடித்துக்கொண்டு, குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் கொளுத்துங்கள். முடி பொசுங்கும் வாசனை வந்து விரலால் நசுக்கினால் பொடியானால் கம்பளி. உருகிக் கெட்டியான முத்தாகத் திரண்டால் செயற்கை. ஆறின பிறகு தொடுங்கள்.

கம்பளியாக இருந்தால் பயோ சலவைத்தூளும் வேனிஷ் ஆக்ஸி வகையும் கூடாது. பயோ தூளில் இருக்கும் என்சைம் சாம்பாரையும் தின்னும், கம்பளியையும் தின்னும், ரெண்டுமே அதற்குப் புரதம்தான். ஆக்ஸி பவுடரின் காரம் கம்பளியை அரிக்கும். லீட்ஸ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
என் கம்பளி விரிப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டேனே, ஒன்றும் ஆகவில்லை.

திருப்பூர் சாயக்காரன்:
3 சதவீதம் என்றால் கம்பளி கொஞ்சம் தாங்கும் அக்கா, ஆனால் அதன் சாயம் தாங்குமா என்பது மறைவான மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

புதுக்குடித்தனம்:
கொளுத்திப் பார்த்தேன். உருகி முத்தாகிவிட்டது. மெழுகுவர்த்தி அணைத்த வாசனை.

திருப்பூர் சாயக்காரன்:
அப்படியானால் பாலிப்ராப்பிலீன் என்ற செயற்கை நூல். நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் உண்டு. இதற்குச் சாயத்தை நூல் இழுக்கும்போதே உள்ளே கலந்துவிடுவார்கள், அதனால் பெராக்சைடு பட்டு வெளுக்கும் பயம் குறைவு. ஆனால் இது எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். சாம்பாரில் மஞ்சளும் மிளகாய் நிறமும் எண்ணெயில்தான் கரைந்திருக்கின்றன. தண்ணீர் ஊற்றிப் பயனில்லை என்பதற்குக் காரணம் அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது. வெள்ளைத் துணியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் விட்டு ஒற்றினால் சோடா முறியும், சிவப்பு மஞ்சளாகும். அடுத்து வெறும் தண்ணீரால் ஒற்றி வினிகரை எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஃபேரி ரெண்டு சொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற எண்ணெய் வளையம் குறையும். சோப்பின் காரத்தில் மறுபடி லேசாகச் சிவந்தால் பதற வேண்டாம். தேய்க்க மட்டும் கூடாது, தேய்த்தால் இழை பிரிந்து கறை போன பிறகும் அந்த இடம் சொரசொரவென்று காட்டிக்கொடுக்கும். சோப்பையும் தண்ணீரால் ஒற்றி எடுங்கள், மிச்சமிருந்தால் அழுக்கை இழுக்கும்.

அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒற்றுங்கள். துணியில் மஞ்சள் ஏறுவது கண்ணுக்கே தெரியும், ஒவ்வொரு முறையும் துணியின் சுத்தமான பக்கத்துக்கு மாறுங்கள். கார்ப்பெட்டில் நேராக ஊற்றினால் அடியில் இருக்கும் பசை இளகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், பாப்பா வேறு அறையில் இருக்கட்டும். அங்கே கடைகளில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும்.

மிச்சம் இருக்கும் சாயைக்கு, ஆல்கஹால் முழுக்கக் காய்ந்த பிறகு 3 சதவீத பெராக்சைடு. பார்மசியில் 10 வால்யூம் என்று எழுதியிருக்கும், அதுதான் 3 சதவீதம். தலைமுடிக்கு விற்கும் 30, 40 வால்யூம் வேண்டாம். மூலையில் சோதித்துவிட்டு, ஈரமாகும் அளவு மட்டும் போட்டு அரைமணி விட்டு, தண்ணீரால் ஒற்றி எடுங்கள். எதையும் எதோடும் கலக்காதீர்கள். கடைசியில் கிச்சன் பேப்பரை மடித்து வைத்து மேலே கனமாக எதையாவது ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். அடியில் இருப்பது காயும்போது மேலே ஏறும், பேப்பர் அதைப் பிடித்துக்கொள்ளும்.

கோவை டு லீட்ஸ்:
வேனிஷ் விஷயத்தில் தம்பி சொன்னதே சரி. டெபாசிட் பக்கம் நான் சொல்கிறேன், இங்கிலாந்துக்கு இதுதான். இடையில் வரும் இன்ஸ்பெக்‌ஷனில் டெபாசிட்டில் கை வைக்க மாட்டார்கள், கணக்கு நீங்கள் காலி செய்யும்போதுதான். அந்தப் பணமும் ஏஜென்ட் இஷ்டத்துக்கு இல்லை. வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பாதுகாத்து, விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். அந்தப் பேப்பர் வந்ததா என்று பாருங்கள். தகராறு வந்தால் அந்தத் திட்டமே இலவசமாகத் தீர்த்துவைக்கும்.

கறை போகாவிட்டாலும் பழைய கார்ப்பெட்டுக்குப் புதுசின் விலையைக் கேட்க முடியாது. உதாரணமாக 500 பவுண்டு கார்ப்பெட், 10 வருஷம் உழைக்கும், 6 வருஷம் ஓடிவிட்டது என்றால் பேச்சு மிச்ச 4 வருஷத்தின் 200 பவுண்டைப் பற்றித்தான். காசு கொடுத்துத் தொழில்முறைக் கிளீனிங் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் 2019-இல் வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டம் விடாது. குடிவந்தபோது இருந்த சுத்தத்தில் திருப்பிக் கொடுத்தால் போதும். ஒரு சாம்பார் கறைக்காக யாரும் வீட்டை விட்டுத் துரத்த மாட்டார்கள்.

புதுக்குடித்தனம்:
செய்து பார்த்தேன். சிவப்பு போய்விட்டது, வளையமும் இல்லை. பெராக்சைடு போட்ட பிறகு உற்றுப் பார்த்தால் மட்டும் லேசான மஞ்சள். இன்னொரு தடவை போடவா? ஏஜென்டிடம் நானே சொல்லிவிடலாமா, சோஃபாவை நகர்த்தி மறைக்கலாமா?

திருப்பூர் சாயக்காரன்:
இன்று வேண்டாம், நன்றாகக் காயட்டும். அடியில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். திரையை விலக்கி வெயில் படும்படி விடுங்கள், மஞ்சள் வெளிச்சத்தில் தானாகவே வெளுக்கும். அதன் பிறகும் இருந்தால் இன்னொரு முறை.

கோவை டு லீட்ஸ்:
சோஃபா வேண்டாம், அதை அவர்கள் நகர்த்திப் பார்ப்பார்கள். இப்போது ஒரு படம் எடுத்து வையுங்கள். "சாப்பாடு சிந்தியது, சுத்தம் செய்துவிட்டோம், இன்னும் காய்கிறது" என்று ரெண்டு வரி மெயில் இன்றே போட்டுவிடுங்கள். குடிவந்தபோது கொடுத்த இன்வென்டரியில், அதாவது வீட்டின் நிலையை எழுதிய பட்டியலில், கார்ப்பெட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். பழைய கறை ஏதாவது அதிலேயே இருந்தால் அந்தப் பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள்.