கொல்ப்பில 18 குழியும் நடந்து ஆடப் போறியளா? பை, சப்பாத்து, தண்ணி பற்றின உங்கட அனுபவங்களைச் சொல்லுங்கோ

அரியாலையில இருந்து:

கொல்ப் எண்டால் பகியில (மைதானத்துக்குள்ள ஓடுற சின்ன வண்டி) ஏறியிருந்து போய் அடிக்கிற விளையாட்டு எண்டுதான் எங்கட ஆக்கள் கனபேர் நினைக்கினம். நடந்து ஆடுறதுதான் உண்மையான ஆட்டம் எண்டது என்ர முடிவு. 18 குழியும் முடியேக்க எட்டு, ஒன்பது கிலோமீற்றர் நடந்திருப்பியள். நாலு மணித்தியாலத்துக்கு மேல வெயிலுக்க நிண்டிருப்பியள். ஒவ்வொரு அடிக்கும் நிலம், காத்து, புல்லு எல்லாத்தையும் கால்தான் முதல்ல அறியும். பகியில போறவருக்கு அது கிடைக்காது.

எங்களுக்குக் கிட்டத்தில எண்டால் திருகோணமலை சீனக்குடாவில விமானப்படை நடத்துற மைதானம்தான். ஏ9 ரோட்டால வவுனியாவுக்கு இறங்கி, ஹொரவப்பொத்தானைப் பக்கம் திரும்பிப் போறதெண்டால் முதல்நாளே போய்த் தங்கிறது நல்லது. விடியப்பறம் வெளிக்கிட்டு, நித்திரை முறிஞ்சு, வான் வாகனத்துக்க கால் மடக்கி இருந்த ஆள் உடன இறங்கி 18 குழி நடக்கிறது உடம்புக்குச் செய்யிற அநியாயம்.

அங்க கண்ட ஒரு பெரியவரைப் பற்றித்தான் எழுத வந்தனான். துறைமுகத்தில வேலை செய்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டின வயசு. எங்களோட வந்த பெடியன் புதுப் பை, புதுச் சப்பாத்து, 14 மட்டையோட நிக்கிறான். ஐயான்ர தோளில துணி வெளிறின ஒரு சின்னப் பை, அதுக்குள்ள ஏழே ஏழு மட்டை. தூர அடிக்கிற வுட் ஒண்டு, நடுத்தரத் தூரத்துக்கு 5, 7, 9ஆம் நம்பர் அயன், கிட்டத்தில இருந்து பந்தை உயர்த்தி அடிக்க ரெண்டு வெட்ஜ், குழிக்குள்ள உருட்டிவிட ஒரு பற்றர். "தம்பி, சட்டத்தில 14க்கு மேல கொண்டுபோகக் கூடாது எண்டுதான் இருக்கு. இத்தனை கட்டாயம் வேணும் எண்டு எங்கையும் இல்லை" எண்டார்.

கணக்குப் பாருங்கோ. ஒரு மட்டை சராசரியா 300 தொடக்கம் 450 கிராம். ஏழைக் குறைச்சால் கிட்டத்தட்ட மூண்டு கிலோ தோளில இருந்து இறங்கும். பந்து ஒண்டு 45.93 கிராமுக்கு மேல இருக்கக் கூடாது எண்டு விதி, அப்ப ஒரு டசின் அரைக் கிலோவுக்கு மேல. ஐயா ஆறு பந்துதான் வைச்சிருந்தவர். பந்து துலைஞ்சால் தேடுறதுக்கு முந்தி அஞ்சு நிமிசம் இருந்தது, 2019இல இருந்து மூண்டு நிமிசம்தான். அதுக்கு மேல பத்தைக்குள்ள நிண்டு காலைக் கிழிக்க வேண்டியதில்லை.

ஏழாம் குழியில பெடியன்ர குதிக்கால் தோல் உரிஞ்சு மேஸில (காலுறையில) ரத்தம். ஐயா அவனை மரத்தடியில இருத்தி, சப்பாத்தைக் கழட்டி, ஈரத்தை ஒத்தியெடுத்து, ஒட்டுத்துணி ஒண்டைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டிவிட்டார். பிறகு சப்பாத்து நூலைக் கட்டிக் காட்டினார். கணுக்காலுக்குக் கிட்ட இருக்கிற கடைசி ஓட்டைக்குள்ள நூலை அதே பக்கத்தாலயே விட்டு ஒரு வளையம் எடுத்து, மற்றப் பக்க நூலை அந்த வளையத்துக்குள்ளால கோர்த்து இறுக்கினால் குதிக்கால் சப்பாத்துக்குள்ள ஏறி இறங்காது. தோல் உரியிறதே அந்த ஏற்ற இறக்கத்தாலதான். ஒன்பதாம் குழி முடிய ஐயா தன்ர மேஸ் சோடியை மாத்தினார். கையுறையும் அவரிட்ட ரெண்டு. ஒண்டு கையில, மற்றது பையில கொழுவிக் காத்தாடும். வேர்வையில ஊறின தோல் கையுறையைச் சுருட்டிப் பைக்குள்ள போட்டால் அடுத்தமுறை கருவாடு மாதிரி விறைச்சுப் போய்க் கிடக்கும்.

நான் இப்ப பயிற்சிக்குப் பண்ணைப் பாலத்தாலதான் நடக்கிறனான். விடியக்காலமை, விளையாடேக்க போடுற அதே சப்பாத்தோட, பையையும் தோளில போட்டுக்கொண்டு. சோளகம் அடிக்கேக்க காத்துக்கு எதிரா அந்தப் பாலத்தில நடந்து பழகினால் எந்த மைதானமும் பெரிசாத் தெரியாது. பந்து அடிச்சுப் பழக, ஆள் நடமாட்டம், மாடு கண்டு இல்லாத தரவை வெளி காணும். நிலம் இறுகல், அதால பந்தைச் சுத்தமா எடுக்கப் பழகுவியள்.

கனடா ஸ்கார்பரோவில இருந்து:

அண்ணை, ஒண்டு மட்டும் மறுத்துச் சொல்லுறன். இஞ்ச நடந்து ஆடுறவையில கனபேர் மூண்டு சில்லுத் தள்ளுவண்டிலதான் பையை வைச்சுத் தள்ளுகினம். முதுகு வருத்தம் உள்ளவை தோளில போடத் தேவையில்லை. நடை நடைதானே.

சப்பாத்து விசயத்தில இடத்தைப் பாருங்கோ. கனடாவில வசந்தகாலத்தில புல்லு முழுக்க ஈரம், தண்ணி புகாத சப்பாத்து கட்டாயம் வேணும். அதையே திருகோணமலையில போட்டால் உள்ள வந்த வேர்வை வெளிய போகாது. அங்க காத்துப் போற மெல்லிசுச் சப்பாத்து, அடியில ரப்பர்ப் புள்ளி வைச்சது காணும்.

நுவரெலியா வேற கதை. 1889இல துவங்கின மைதானம், கடல் மட்டத்தில இருந்து 1,800 மீற்றருக்கு மேல. வெயில் எறிச்சுக்கொண்டு இருக்கேக்கயே மழை வந்து நிக்கும். போன சித்திரையில ஊருக்கு வந்தபோது அங்க எங்களுக்குப் பை தூக்க வந்த கேடி ஒரு மலையகத் தம்பி. பின்னேரம் மேகம் கறுத்தவுடன நான் குடையை எடுத்தன். "அம்மா, குடைய விரிக்காதீங்க, இடி கேட்டிருச்சு. மட்டைய பையில போட்டுட்டு நடங்க, மரத்துக்குக் கீழயும் நிக்க வேணாம்" எண்டு அவர் எங்களைக் கட்டிடத்துக்குள்ள கூட்டிக்கொண்டு போய்த்தான் விட்டவர். ஆட்டம் பாதியில நிண்டால் தண்டனை வருமோ எண்டு என்ர மனுசன் கேட்டார். மின்னல் ஆபத்து எண்டு நினைச்சால் ஆடுறவரே நிப்பாட்டலாம், விதியிலயே இருக்கு எண்டு அந்தத் தம்பிதான் விளங்கப்படுத்தினார். பங்குனி-சித்திரையிலயும் ஐப்பசி-கார்த்திகையிலயும் இலங்கையில பின்னேரத்து இடிமழை வழமை. அந்த மாதங்களில காலமையே ஆடி முடியுங்கோ.

மானிப்பாயில இருந்து, தாதியா வேலை செய்யிற ஒருத்தி:

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதை வடிவா வாசியுங்கோ. எங்கட ஊரில ஐம்பது வயசுக்கு மேல நடக்க வெளிக்கிடுற ஆக்களில கனபேருக்கு அது இருக்கு.

இன்சுலின் போடுறவர்களுக்கும், சீனியை இறக்கிற சில குளிசைகள் எடுக்கிறவர்களுக்கும் நாலு மணித்தியால நடையில சீனி திடீரெண்டு குறையலாம். அதன்ர அறிகுறி வேர்வை, நடுக்கம், நெஞ்சு படபடப்பு, பிறகு தடுமாற்றம். வெயிலுக்க நிக்கேக்க வேர்வையை வெக்கை எண்டுதான் எல்லாரும் நினைப்பினம். அதுதான் இதில பயங்கரம். என்னோட நடந்த ஒருவர் பதினோராம் குழியில கதைக்கிற கதை பிசகத் துவங்கினார். பக்கத்தில நிண்டவை "களைப்பு, விடுங்கோ" எண்டினம். கையைப் பிடிச்சுப் பார்த்தன், குளிர்ந்து நனைஞ்சு கிடந்தது. சுயநினைவோட விழுங்கக்கூடிய நிலை எண்டபடியால் மூண்டு தேக்கரண்டி சீனி கரைச்சுக் குடுத்தன். பதினைஞ்சு நிமிசத்தில ஆள் தெளிஞ்சார். அந்தச் சீனிப் பைக்கற்றும், குளுக்கோமீற்றரும் பையின்ர மேல் அறையில இருக்க வேணும், அடியில இல்லை. கூட வாறவருக்கும் இது தெரிஞ்சிருக்க வேணும். வெளிக்கிட முதல் மருந்தின்ர அளவைப் பற்றி உங்கட வைத்தியரோட கதையுங்கோ.

அடுத்தது கால். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாதத்தில உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், கொப்புளம் போட்டாலும் நோகாது. அதால நோவை நம்பாமல், ஒன்பதாம் குழியில சப்பாத்தைக் கழட்டிக் கண்ணால பாருங்கோ.

மற்ற ஆக்களுக்கு: தாகம் வர முதல் குடியுங்கோ. கனக்க வேர்க்கிறவர்கள் ஜீவனி (உடம்பில நீர் குறையாமல் இருக்கக் கரைச்சுக் குடிக்கிற உப்பு-சீனித் தூள்) கரைச்சுக் கொண்டு போகலாம், பைக்கற்றில போட்டிருக்கிற அளவுத் தண்ணியில மட்டும். ருசிக்காகக் கட்டியாக் கரைக்கக் கூடாது. பிரஷர் உள்ளவர்கள் கேட்டுத்தான் எடுக்க வேணும்.

கொக்குவிலில இருந்து:

அரியாலை அண்ணை, நான் படிக்கிற பெடியன். கையில பெரிசாக் காசில்லை. முதல் என்ன வாங்கிறது?

அரியாலையில இருந்து:

தம்பி, சப்பாத்து. மட்டை இரவல் வாங்கலாம், பாவிச்ச அரை செற் மலிவா எடுக்கலாம், ஆனால் மற்றவன்ர சப்பாத்தில எட்டுக் கிலோமீற்றர் நடக்கேலாது. பின்னேரத்தில போய் வாங்கு, அப்பதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். போடப் போற அதே மேஸோட போட்டுப் பார். பெருவிரலுக்கு முன்னால ஒரு விரல் அகலம் இடம் விடு. வாங்கினதை ரெண்டு மூண்டு கிழமை ரோட்டில நடந்து பழக்கு. அடுத்தது ஒரு கையுறை, வலக்கையால அடிக்கிறவன் எண்டால் இடக்கைக்கு. துவாய் வீட்டில இருக்கிறது காணும், பாதியை நனைச்சுக்கொண்டு வா. கிறீனில (குழியைச் சுத்திக் கட்டையா வெட்டின புல்லில) பந்து கிடந்த இடத்தைக் குறிக்க ரெண்டு ரூபாக் குத்தி போதும். ஸ்கார்பரோ அக்கா சொன்ன தள்ளுவண்டி இப்ப உனக்குத் தேவையில்லை, எனக்கு யோசிக்க வேணும்.

மாரி முடிஞ்சு மாசியில நாங்கள் சீனக்குடாவுக்குப் போறம், வானில இடம் இருக்கு. மட்டை நான் தாறன். தாதியம்மாவும் வாறதெண்டால் சொல்லுங்கோ, எங்களில மூண்டு பேருக்குச் சீனி வருத்தம்.