ஆவுளியா பாடம் எடுத்த கதை

தொண்டிப் பக்கத்து ஆசிரியை:
ஏழாம் வகுப்புக்கு அழிந்துவரும் உயிரினங்கள் பாடம். புலி, பாண்டா படங்களை ஒட்டி, வேட்டை, வாழிட இழப்பு, மாசு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒரு சத்தம் இல்லை. கடைசியில் ஆவுளியா, அதாவது கடற்பசு படத்தைக் காட்டியதும்தான் வகுப்பு விழித்தது.

"டீச்சர், எங்க அப்பத்தா இதத் தின்னுருக்கு. ஆட்டுக்கறி மாதிரி இருக்குமாம்!"

எல்லாரும் சிரிக்க, சொன்னவன் முகம் சுருங்கிவிட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம், முதல் அட்டவணை, ஜெயில் என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். "இப்ப ஏன் யாரும் திங்கிறதில்ல?" என்று மட்டும் கேட்டேன்.

"பிடிச்சா கேஸ் டீச்சர்."

"இருந்தாத்தானே பிடிக்க!" இது கடைசி பெஞ்ச்.

அங்கிருந்து பாடம் தானாக நகர்ந்தது. அது மீன் இல்லை, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், வலையில் மாட்டினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்றேன். ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. சினையே ஒரு வருடத்துக்கு மேல். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 வருடம். ஒரு தாய் போனால் எத்தனை குட்டி போச்சு என்று கணக்குப் போடச் சொன்னேன். கணக்கு என்றாலே ஓடுகிற பையன்கூட விரல்விட்டு எண்ணினான்.

மல்லிப்பட்டினத்து மீனவர்:
டீச்சர், நல்லா சொன்னீங்க. ஆனா வலைக்காரன் மேல மட்டும் பழியப் போட்டுறாதீங்க. எங்க திருக்கை வலையில ஒருதரம் மாட்டுச்சு. அண்ணனும் நானும் வலைய அறுத்துத்தான் விட்டோம். புது வலை, மனசு கேக்கல, என்ன செய்ய. அது மேய்றது கடல்தாழை, கடலடியில வளர்ற புல்லு. விசைப்படகுல இழுக்கிற இழுவைமடி வலை அடிமண்ணோட அதை வழிச்சுட்டுப் போயிட்டா அது எங்க போய் மேயும்? 2022-ல எங்க கடல்ல 448 சதுர கிலோமீட்டரை அதுக்குன்னு காப்பகமா அறிவிச்சாங்க. பிள்ளைகளுக்குத் தாழையையும் காட்டுங்க. கரையிலயே ஒதுங்கிக் கெடக்கும்.

மாயாற்றுப் பக்கத்து ஆசிரியர்:
எங்கள் வகுப்பில் பாடம் பாறு கழுகு, செத்த விலங்குகளைத் தின்னும் பறவை. யாரும் வேட்டையாடாமலே அது அழிந்துவருகிறது என்பதுதான் பிள்ளைகளுக்குப் புரியாத புதிர். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி ஊசி, அந்த மாடு செத்தபின் இறைச்சி வழியாகப் போய்ப் பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள் என்று முடிக்கப்போனேன். மாடு வைத்திருக்கும் வீட்டுப் பெண் எழுந்து, "அப்ப மாட்டுக்கு வலிச்சா என்ன சார் போடுறது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கால்நடை மருத்துவரிடம் கேட்டு மறுநாள் சொன்னேன்: மெலோக்சிகாம்.