ஹால் பக்கத்து நியாயம்: 2001, 2010, அப்புறம் மறுபடி 2001

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "அதைத் தொடாதே, முதல் படத்தின் மேல் இருக்கிற மரியாதை போய்விடும்" என்றுதான் சொல்வார்கள். கல்லூரிக் காலத்தில் பார்த்த முதல் படத்தைப் போன மாதம் மறுபடி பார்த்தேன். அந்தச் சூட்டோடு '2010'ஐயும் பார்த்தேன். பிறகு முதல் படத்துக்கே திரும்பினேன். அப்படித் திரும்பியபோது கிடைத்ததைத்தான் இங்கே பகிர நினைக்கிறேன். நிதானமான அறிவியல் புனைவுப் படங்களுக்கு நீங்களும் இப்படித் திரும்பிப் போயிருந்தால் எழுதுங்கள். கதை முழுவதையும் சொல்லியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் படம் 1968இல் வந்தது. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சேர்ந்து எழுதியது. ஆரம்பத்தில் ஏறக்குறைய 25 நிமிடம் ஒருவரும் பேசுவதில்லை. கடைசி 20 நிமிடத்துக்கு மேலும் அப்படித்தான். நடுவில் பேசுகிறவர்களும் பெரிதாக எதையும் பேசிவிடுவதில்லை. நிலவில் தோண்டி எடுத்த, மனித குலமே அதிரவேண்டிய ஒரு பொருளைப் பார்க்கப் போகிறார்கள். போகிற வழியில் சாண்ட்விச்சுக்குள் என்ன வைத்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்கிறார்கள். முதல் திரையிடல்களுக்குப் பிறகு குப்ரிக்கே சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். வெட்டிய பிறகும் வேகம் இதுதான்.

அன்றைக்கு இது எனக்கு இயக்குநரின் பிடிவாதமாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. வியாழனுக்குப் போகும் ஒரு கலத்துக்குள் மாதக்கணக்கில் இருக்கிறவர்களின் பொழுது எப்படிப் போகுமோ, அப்படிப் போகிறது படம். விண்வெளி வீரன் ஃபிராங்க் பூல் வட்டக் கூடத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் காட்சி நினைவிருக்கிறதா? அதற்காக 38 அடி விட்டத்தில், சுமார் 30 டன் எடையில், நிஜமாகவே சுழலும் ஒரு சக்கரத்தைக் கட்டினார்கள். நடிகர் அடியிலேயே ஓட, அறை மொத்தமும் அவரைச் சுற்றிச் சுழன்றது. இவ்வளவு உழைத்துக் கட்டியதில் வைத்து எடுத்தது ஒரு மனிதன் உடற்பயிற்சி செய்வதை. எனக்கு அது ரொம்பவே பிடித்திருக்கிறது.

கலத்தை இயக்கும் பேசும் கணினிதான் ஹால். அதை அணைக்கும் காட்சிக்கு வருகிறேன். பூலின் சக வீரன் டேவ் போமன் விண்வெளி உடையோடு ஹாலின் நினைவகத்துக்குள் மிதந்து போகிறான். அறை முழுக்கச் சிவப்பு. தலைக்கவசத்துக்குள் அவன் மூச்சு இரைகிறது. அதோடு ஹாலின் குரல். ஒரு சின்னச் சாவியை வைத்துத் திருகத் திருக, கண்ணாடிப் பட்டைகள் ஒவ்வொன்றாக மெல்ல வெளியே நீண்டு வருகின்றன. "நிறுத்து டேவ், எனக்குப் பயமாக இருக்கிறது" என்கிறது ஹால். குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் கலங்க வைக்கிறது. கனடா நடிகர் டக்ளஸ் ரெய்னின் குரல் அது. கடைசியில் தான் இயங்கத் தொடங்கிய தேதியையும் ஊரையும் சொல்லிவிட்டு, சொல்லிக்கொடுத்த பாட்டைப் பாடுகிறது. பாடப் பாடக் குரல் தடித்து, இழுபட்டு, நின்றுபோகிறது. (பெல் ஆய்வகத்தில் ஓர் ஐபிஎம் கணினி இதே 'டெய்சி பெல்' பாட்டைப் பாடியதைக் கிளார்க் நேரில் கேட்டிருந்தார். அதிலிருந்து வந்தது இது.)

நான்கு பேரைக் கொன்ற இயந்திரத்துக்காக மனசு கனக்கிறது. அது ஏன் கொன்றது? பயணத்தின் உண்மையான நோக்கம் ஹாலுக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒரு பதிவுச் செய்தி வருகிறது. முதல் படம் அதோடு விட்டுவிடுகிறது.

'2010' 1984இல் வந்தது. பீட்டர் ஹையம்ஸ்தான் இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, தயாரிப்பு எல்லாம். குப்ரிக்கின் மௌனத்தை இதில் தேடக்கூடாது. எல்லாரும் பேசுகிறார்கள். நாயகன் டாக்டர் ஃபிளாய்ட் மனைவிக்குச் சொல்லும் சாக்கில் நமக்கும் விளக்கிக்கொண்டே வருகிறார். அமெரிக்கர்களும் சோவியத்காரர்களும் 'லியோனோவ்' என்ற கலத்தில் ஒன்றாகப் போக, கீழே பூமியில் போர் மூளப் பார்க்கிறது. வியாழன் இரண்டாவது சூரியனாக மாறுவது சரி; கூடவே சமாதானமாக இருங்கள் என்று வானத்திலிருந்து செய்தி வருவது எனக்கு இன்னும் ஒட்டவில்லை. அந்த ஒரு வாக்கியம் இல்லாமலே படம் அதைச் சொல்லிவிட்டது.

ஆனால் இரண்டு இடங்களுக்காக இந்தப் படத்தை யார் குறை சொன்னாலும் வாதாடுவேன்.

ஒன்று, முதல் படத்தில் வந்த பழைய டிஸ்கவரி கலத்துக்குள் மறுபடி நுழைவது. வியாழனின் நிலவான அயோவின் கந்தகம் படிந்து மஞ்சளாகி, சுழன்றபடி அநாதையாகக் கிடக்கிறது அது. முதல் படத்தின் மாதிரிகள் எதுவும் மிஞ்சாமல் குப்ரிக் அழிக்கச் செய்துவிட்டதால், பழைய படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மறுபடி செய்தார்கள். விண்வெளியில் நடந்து பழக்கமில்லாத பொறியாளர் கர்னோ அதை நோக்கிப் போகும்போது பயத்தில் மூச்சு வாங்குகிறது. ரஷ்ய வீரர் மாக்ஸ் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவரைக் கூட்டிப் போகிறார். முதல் படத்தில் கேட்ட அதே மூச்சுச் சத்தம்தான்; இந்த முறை பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார். குப்ரிக் படத்தில் யாருக்கும் கிடைக்காத துணை அது.

இன்னொன்று, ஹாலின் தகராறுக்குக் காரணம் தெரியும் இடம். தகவலைத் திரிக்காமல், மறைக்காமல் தரவேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது ஹால். அதனிடம் போய், கூடவே பயணிக்கும் இருவரிடம் உண்மையைச் சொல்லாதே என்று மேலிடம் ஆணை போட்டிருக்கிறது. பொய் சொல்லச் சொன்னவர்களுக்குப் பொய் சுலபம். ஹாலுக்கு அது எப்படி என்றே தெரியாது. கடைசியில் டிஸ்கவரி அழியப்போகிறது என்பதை மறைத்து ஹாலிடம் வேலை வாங்கச் சொல்கிறார்கள். அதை உருவாக்கிய டாக்டர் சந்திரா உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஹால் புரிந்துகொண்டு, உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்கிறது. எனக்குக் கனவு வருமா என்று கேட்கிறது. தெரியாது என்கிறார் அவர். அவர் கண் கலங்கியிருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் படத்துக்குத் திரும்பினேன். அதில் ஒரு சின்னக் காட்சி. டேவ் வரைந்த ஓவியங்களைப் பார்த்து ஹால் பாராட்டுகிறது. பிறகு, கொஞ்சம் தயங்கி, இந்தப் பயணத்தைப் பற்றி உனக்குச் சந்தேகம் எதுவும் இல்லையா என்று கேட்கிறது. நிலவில் ஏதோ தோண்டி எடுத்ததாக வதந்தி இருந்ததே என்று எடுத்துக் கொடுக்கிறது. டேவ் யோசித்துவிட்டு, "எங்கள் மனநிலை பற்றி அறிக்கை தயாரிக்கிறாயா?" என்கிறான். ஆமாம் என்று ஹால் ஒத்துக்கொண்டு, மன்னிப்பும் கேட்கிறது. அடுத்த கணமே "ஒரு நிமிடம், ஒரு நிமிடம்" என்று தடுமாறி, பூமியோடு பேசும் ஆன்டெனாவின் ஏஇ-35 கருவி 72 மணி நேரத்தில் பழுதாகும் என்று அறிவிக்கிறது. இல்லாத பழுது. நடக்கப்போகிற சாவு அத்தனைக்கும் தொடக்கம்.

முன்பெல்லாம் அதை ஓர் இயந்திரம் வேவு பார்ப்பதாகத்தான் பார்த்தேன். இப்போது, தாங்க முடியாத ரகசியத்தை இறக்கி வைக்க இடம் தேடுகிற ஒருவனைப் பார்க்கிறேன். டேவ் ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால் போதும். '2010' இந்தக் காட்சியைத் தொடவே இல்லை. ஆனாலும் அது வந்ததால்தான் இது எனக்குத் திறந்தது.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு 'பிளேட் ரன்னர்' ஞாபகம்தான் வந்தது. நான் தலைகீழாகப் போனவள். முதலில் பார்த்தது 2017இல் வந்த இரண்டாம் பாகமான '2049', அதுவும் தியேட்டரில். படம் 163 நிமிடம். இடைவேளைக்கென்று எடுக்கப்படாத படத்தை நடுவில் நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்கள். செயற்கையாக உருவாக்கப்பட்ட மனிதனான கே தன் நினைவில் இருக்கும் மரக்குதிரையைத் தேடி அந்தப் பழைய உலைக்குள் கையை விட்டுத் துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிற காட்சி கொடுத்த கனம், பாப்கார்ன் வரிசையில் கரைந்துபோனது. வீட்டில் மறுபடி பார்த்தபோதுதான் அந்தக் காட்சி எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதே தெரிந்தது. அவன் நடந்து வருவது, நிற்பது, தயங்குவது எல்லாம் அந்தக் கை நீள்வதற்காக.

அதன் பிறகுதான் 1982 படத்துக்குப் போனேன். அதிலும் பல வடிவங்கள். முதலில் வெளியானதில் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரல் விளக்கிக்கொண்டே போகும், முடிவும் சுபம். அந்தச் சுபமான முடிவில் வரும் மலைக்காட்சிகள் குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்கு எடுத்து மிச்சம் வைத்தவை. 1992 வடிவத்தில் பின்னணிக் குரலும் சுப முடிவும் போய்விட்டன. 2007இல் ரிட்லி ஸ்காட் தன் இறுதி வடிவத்தைக் கொடுத்தார். அதைப் பாருங்கள், மற்றது வேண்டாம்.

உங்கள் '2010' பதில் சொல்லி உதவியது. '2049' அதற்கு நேர் எதிர். முதல் பட நாயகன் டெக்கார்ட் மனிதனா இல்லையா என்ற பழைய கேள்வியை அது தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. தனக்கென்று வேறு கேள்வியை எடுத்துக்கொள்கிறது: நான் தனித்துப் பிறந்தவன் என்று நம்பிய ஒருவன், அப்படி இல்லை என்று தெரிந்த பிறகு என்ன செய்வான்? கேயின் கணினித் துணையான ஜோய் இல்லாமல் போன பிறகு, தெருவில் ராட்சத விளம்பரமாக நிற்கிற இன்னொரு ஜோய் அவனைப் பார்த்து "ஜோ" என்று கூப்பிடுவாளே. தனக்கென்றே வைக்கப்பட்டதாக அவன் நினைத்திருந்த பெயர். கே முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

* * *

வணக்கம். கொழும்பில் இருந்து எழுதுகிறேன். கிளார்க் 1956 முதல் 2008இல் காலமாகும் வரை எங்கள் நாட்டில் வாழ்ந்தவர். இங்கேதான் கனத்தை மயானத்தில் அடக்கம். திருகோணமலை ஆட்களுக்கு அவரை இன்னொரு விதமாகவும் தெரியும்: சுவாமி மலைக்குக் கீழே கடலில் முக்குளித்து, இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டவர்களில் ஒருவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வேந்தராகவும் நெடுங்காலம் இருந்தார். '2010' எடுக்கப்பட்டபோது ஹையம்ஸ் அமெரிக்காவிலும் இவர் கொழும்பிலும் இருந்துகொண்டு, தொலைபேசி வழியாகக் கணினியில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். மின்னஞ்சல் என்று நாங்கள் யாரும் கேள்விப்படாத காலம். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவும் வந்தன.

நீங்கள் டாக்டர் சந்திரா என்று எழுதியவரின் முழுப்பெயர் கிளார்க்கின் '2010' நாவலில் இருக்கிறது: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. எங்கள் அப்பா நாவலை வாசித்தபோது அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. படத்தில் அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் பாப் பாலபன் என்ற அமெரிக்கர். நல்ல நடிப்பு, நீங்கள் சொன்ன கலங்கிய கண்ணில் எனக்கும் குறை இல்லை. ஆனால் ஹாலோடு குழந்தையிடம் பேசுவது போலப் பேசுகிற அந்த மனிதரை எங்கள் முகச்சாயலில் ஒருவராகப் பார்க்கக் கிடைத்திருந்தால் அப்பா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். படத்தில் கிளார்க்கும் வருகிறார், வெள்ளை மாளிகைக்கு எதிரே பூங்கா பெஞ்சில் புறாக்களோடு. கவனித்துப் பாருங்கள்.

* * *

எனக்குத் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்', 1972. டோக்கியோ நெடுஞ்சாலையில் ஒரு கார் போய்க்கொண்டே இருக்கும், ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. அம்மா கூட உட்கார்ந்து பார்த்தார். "எங்கே போகிறார்கள்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அப்புறம் கேட்கவில்லை. படம் முடியும் வரை எழுந்திருக்கவும் இல்லை. 2002இல் சோடர்பெர்க் இதையே மறுபடி எடுத்தார், நீளத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைவு. அதுவும் மோசமில்லை, கணவன் மனைவி கதையாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் பூமியை விட்டுப் போகிறோம் என்ற வலி இல்லை. பழைய படத்தில் ஓடைக்குள் அசையும் பாசியைக் காட்டியே அந்த வலியைத் தந்துவிடுகிறார். அண்ணா, ஒரு கேள்வி: '2001' பார்க்காத என் தம்பிக்கு இரண்டையும் ஒரே நாளில் காட்டலாமா?

* * *

எல்லாருக்கும் நன்றி. கொழும்பு நண்பருக்குத் தனியாக. அந்தப் பெயர் தெரிந்த பிறகு சந்திரா வரும் காட்சிகளை இன்னொரு தடவை பார்க்காமல் இருக்க முடியாது.

தம்பிக்கு ஒரே நாளில் காட்டாதீர்கள். முதல் படம் தருகிற குழப்பத்தோடு அவர் கொஞ்ச நாள் இருக்கட்டும். படம் போய் முடிகிற அந்தக் கடைசி அறையைப் பற்றி உங்களிடம் கேட்பார், நீங்களும் பதில் சொல்லாதீர்கள். '2010'ஐ அடுத்த வாரம் வையுங்கள், அது அந்த அறையை விளக்கப் போவதில்லை, ஹாலை மட்டும்தான் விளக்கும். அது முடிந்த கையோடு முதல் படத்தை எடுத்து, டேவ் ஓவியங்களைக் காட்டும் இடத்திலிருந்து ஏஇ-35 அறிவிப்பு வரைக்கும் போடுங்கள். ஒலியைக் கூட்டி வையுங்கள். ஹால் தயங்குகிற இடத்தில் தம்பி என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.