இன்க்யூபஸ், சக்யூபஸ்: தமிழில் என்ன போடலாம்?

காட்பாடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். அமானுஷ்யக் காதல் நாவல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கெடு. நாயகன் இன்க்யூபஸ், அதாவது உறங்கும் பெண்ணோடு கூட வரும் ஆண் பேய். வில்லி சக்யூபஸ், ஆண்களிடம் அப்படி வரும் பெண் பேய். இருவருமே மனிதரின் இச்சையை உண்டு வாழ்கிறவர்கள். பெண்ணுக்கு ‘மோகினி’ என்று போட்டுவிட்டேன். ஆணுக்குத்தான் சொல் அமையவில்லை. பதிப்பாளர் ‘காமப்பேய்’ போதும் என்கிறார். நாயகி அவன் காதோடு கொஞ்சும் இடத்தில் “என் காமப்பேயே” என்று எழுதிப் பார்த்தேன். உடனே அழித்தேன்.

ஆரணியிலிருந்து:
தம்பி, இலத்தீனில் ஒன்று மேலே கிடப்பது, மற்றது கீழே கிடப்பது. நேராகவே மேற்கிடையன், கீழ்க்கிடையள் எனலாமே. கிடை, கிடங்கு, கிடப்பு எல்லாம் ஒரு வேர்தான். தனிக் கட்டுரையே எழுதலாம்.

குடியாத்தத்திலிருந்து:
ஐயா, எழுதிவிடாதீர்கள்! கிடை என்றால் எங்கள் பக்கம் ஆடுதான் கண்முன் வரும். மக்களிடமே சொல் இருக்கிறது: அமுக்குவான். “ராத்திரி அமுக்குவான் வந்து நெஞ்சு மேல குந்திக்கினான், கத்தக்கூட முடியல” என்று சொல்லிவிட்டு, மறுநாள் தலைமாட்டில் துடைப்பத்தோடு படுப்பார் என் பாட்டி. ஃபியூசெலி 1781இல் வரைந்த ஓவியத்தைப் பாருங்கள். மல்லாந்து கிடக்கும் பெண்ணின் மார்மேல் ஒரு குட்டிச்சாத்தான் அச்சு அசலாகக் குந்திக்கினுதான் இருக்கிறது. ஆகவே, குந்தன்.

வேலூரிலிருந்து:
பாட்டிக்கு வந்தது உறக்க முடக்கம். கனவு காணும் உறக்கத்தில் தசைகள் செயலற்றிருக்கும். அது நீங்குமுன் விழிப்பு வந்தால் அசைய முடியாது, நெஞ்சில் பாரம் தெரியும், அறையில் யாரோ நிற்பது போலிருக்கும். மல்லாந்து படுத்தால் அதிகம் வரும். நாவலுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஆரணியிலிருந்து:
குந்தம் என்றால் ஈட்டி. குந்தன் வேலேந்தி நிற்பான், வேண்டாம். பெண்களை நாடிவரும் கந்தருவரை விரட்ட அதர்வ வேதத்தில் மந்திரமே உண்டு, பொருள் பொருந்துகிறது. ஆனால் சொல் வடசொல். தொல்காப்பியர் அதைத் தொடாமல், யாழை வைத்தே கந்தருவரைத் ‘துறையமை நல்யாழ்த் துணைமையோர்’ என்றார். அந்த வழியில் ‘யாழோன்’.

காட்பாடியிலிருந்து:
ஐயா, படிக்கிறவர்கள் கச்சேரிக்கு வந்த வித்வான் என்று நினைப்பார்கள்.

அரக்கோணத்திலிருந்து:
‘கனவணங்கு’ சரியாக வரும். அணங்கு என்றால் ஆளை மயக்கி வருத்தும் தெய்வம், அந்த ஆற்றலும்தான். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று மயங்குகிறானே குறளில், அந்த அச்சமும் ஆசையும் சேர்ந்த நிலைதான் இந்த நாவல்களின் பிழைப்பே. பேய் என்றால் அச்சம் மட்டும்தான். எங்கள் பக்கத்துத் திருவாலங்காட்டில் நீலி இருக்கிறாள், மனைவி வேடத்தில் வந்தவள். ஆனால் அவள் வந்தது பழிவாங்க. இங்கே ஒத்துவராது.

குடியாத்தத்திலிருந்து:
‘கனவு’ குற்றியலுகரம் இல்லையே? ‘கனவுவணங்கு’ என்றல்லவா வரவேண்டும்?

ஆரணியிலிருந்து:
‘முற்றும் அற்று ஒரோவழி’, நன்னூல் 164. சில இடங்களில் முற்றியலுகரமும் அப்படியே கெடும் என்று பொருள். புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் அணங்கு என்றதும் காதில் பெண்தான் விழுகிறாள்.

காட்பாடியிலிருந்து:
எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் கந்தர்வன், மோகினி பக்கம்தான் ஆள் அதிகம். அதையே போட்டு எட்டு அத்தியாயம் அனுப்பியாயிற்று. இப்போது ஒன்பதாவதில் நாயகனே பெண்ணுருவம் எடுக்கிறான்! ஆசிரியர் சொந்தமாகக் கட்டியதும் இல்லை. ஒரே பேய் பெண்ணாகி ஆணிடம் வித்து வாங்கி, ஆணாகிப் பெண்ணுக்குக் கொடுக்கும் என்று கிறித்தவ இறையியலாளர் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். கந்தர்வன் மோகினி ஆனான் என்று எழுதினால் இரண்டு வேறு இனம் ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

அரக்கோணத்திலிருந்து:
அணங்கு. ‘அணங்குடை முருகன்’ என்கிறது புறநானூறு. ஆண்பால் தெய்வத்துக்கே பொருந்தியது, உங்கள் நாயகனுக்குப் பொருந்தாதா?

ஆரணியிலிருந்து:
முருகன் அணங்கை, அதாவது வருத்தும் ஆற்றலை உடையவன், அணங்கே அல்லன். ‘உடை’ அங்கே சும்மா நிற்கவில்லை. யாழோர் என்றால் பலர்பாலில் இருபாலும் அடங்கும். மறுபடி யோசிக்கவும்.

குடியாத்தத்திலிருந்து:
அமுக்குவானுக்கு ஒரு ஓட்டாவது போட்டிருக்கலாம்.