மிலானோ நேர்காணல்: "ரால் எவ்வளவு?" என்று கேட்டால் மாதச் சம்பளத்தைச் சொல்லலாமா?

கேள்வி:
இத்தாலியில், மிலானோவில் முதுகலை முடியப்போகுது, கையில் படிப்பு பெர்மெஸ்ஸோதான் (படிப்புக்கான தங்கும் அனுமதி). மெக்கானிக்கல் டிசைன் வேலைக்கு வியாழக்கிழமை நேர்காணல். எவ்வளவு ரால் எதிர்பார்க்கிறேன்னு மெயில்ல கேட்டிருக்காங்க. மாசம் கைக்கு 1,700 யூரோ வந்தா போதும், அப்படியே எழுதிடவா? சிவியில என் தகவலைப் பயன்படுத்தச் சம்மதம்னு சொல்ற பிரைவசி வாக்கியம் வேற போடல.

பதில் 1:
கைக்கு வர்ற தொகையை எழுதாதீங்க. ரால் என்பது பிடித்தங்களுக்கு முந்தைய ஆண்டு மொத்தம். இன்ப்ஸுக்கு (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) 9.19%, மீதியில் 28,000 வரை இர்பெஃப் (வருமான வரி) 23%, மேலே பிராந்திய, நகராட்சி வரி. கழிவுகள் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் நெத்தோவை (கைக்கு வரும் தொகை) வைத்து அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. நீங்க சொல்ற 1,700க்கு, ஆண்டுச் சம்பளம் 13 தவணையாக வரும் என்றால், ரால் 28,000 பக்கம் வரும்.

தவணைதான் குழப்பும். 28,000ஐ 13ஆல் வகுத்தால் லோர்தோ (பிடித்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளம்) சுமார் 2,154; கொம்மேர்ச்சியோ (வணிகத் துறை) ஒப்பந்தத்தில் 14ஆல் வகுத்தால் 2,000. ஆண்டுத் தொகை அதேதான், "14 சம்பளம்" என்றதும் மயங்க வேண்டாம். டிஎஃப்ஆர் (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) ராலுக்குள் அடங்காது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் தனியாகச் சேரும்.

பதில் 2:
ஆஃபர் கடிதத்தில் மூணு இடம் பாருங்க: எந்த சிசிஎன்எல் (துறைக்கான தேசியக் கூட்டு ஒப்பந்தம்), எந்த லிவெல்லோ (பணி நிலை), சூப்பர்மினிமோ (குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் தரும் தொகை) பக்கத்தில் "அஸ்ஸோர்பிபிலே" (ஈர்த்துக்கொள்ளக்கூடியது) இருக்கா. இருந்தால், ஒப்பந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 60 யூரோ ஏறும்போது உங்க சூப்பர்மினிமோ 60 குறையும். மொத்தம் அங்கேயே நிற்கும். "நோன் அஸ்ஸோர்பிபிலே" என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், கையெழுத்துக்கு முன்னாடி மட்டும்.

பதில் 3:
பிரைவசி வாக்கியம் இல்லாததால் ஒண்ணும் ஆகாது. தானாக அனுப்பும் சிவிக்கு அந்தச் சம்மதம் தேவையில்லைன்னு 2018லேயே சட்டம் திருத்தியாச்சு. ஆனாலும் பழக்கத்தில் பலர் தேடுவாங்க, ஒரு வரிதானே, போட்டுடுங்க. இத்தாலிய மொழி பி2 (இடைநிலைக்கு மேல்) நிலைன்னு எழுதியிருந்தா பாதியில் இத்தாலியத்துக்கு மாறிடுவாங்க. "மி பார்லி தி லேய்"க்கு (உங்களைப் பற்றிச் சொல்லுங்க) ரெண்டு நிமிஷப் பதில் வச்சிருங்க. அவங்க "தூ"ன்னு (நீ) ஆரம்பிக்கிற வரைக்கும் நீங்க "லேய்"தான் (மரியாதைக்கான நீங்கள்).

கேட்டவர்:
நன்றி. பெர்மெஸ்ஸோவைப் பற்றி நானே சொல்லணுமா?

பதில் 1:
சொல்லிடுங்க. படிப்பு பெர்மெஸ்ஸோவில் வாரம் 20 மணி நேரம், ஆண்டுக்கு 1,040 வரைதான். முழு நேரம்னா வேலைக்கானதாக மாற்றணும்; 2023க்குப் பிறகு அதற்கு ஃப்ளுஸ்ஸி கோட்டா (வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அரசு வைக்கும் எண்ணிக்கை வரம்பு) தடையில்லை. ஹெச்.ஆர். பலருக்கு இது தெரியாது, கோட்டாவுக்குக் காத்திருக்கணும்னு நினைச்சுக் கைவிடுவாங்க.