மூணு சக்கர சைக்கிள் மேட்டுல மிதிக்க முடியல

கிருஷ்ணகிரிங்க. அப்பாவோட மூணு சக்கர சைக்கிள்ல முன்னாடி 44 பல், பின்னாடி 18. சின்ன மேட்டுக்கே முட்டி வலிக்குதுங்கறார். மோட்டார் வேண்டாம். என்ன மாத்தலாம்?

பதில் 1:
பின்சக்கரங்களைத் தூக்கி முன்பக்கமா சுத்தி விடுங்க. சட்டுனு நின்னா பிரேக் உரசுது, இல்லைன்னா பேரிங் இறுகியிருக்கு. காத்து டயர் ஓரத்துல போட்டிருக்கற அளவுக்கு இருக்கா?

பதில் 2:
பின்னாடி 18-க்குப் பதிலா 22 பல் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்) போடுங்க. மிதிக்கற பாரம் 18 சதவீதம் குறையும். ஒரு மிதிக்குப் போற தூரமும் அவ்வளவே குறையும். செயின் 1 அங்குலம் நீளணும். தேஞ்ச செயினோட கண்ணியை ஒட்டுப்போடாதீங்க, புதுப் பல்லுல குதிக்கும்.

பதில் 3:
அண்ணா, முதல்ல சீட்டு. பெடல் அடியில இருக்கும்போது முட்டி லேசா மடங்கினாப் போதும். இது சாயாத வண்டி, கால் ஊன்றதுக்காகத் தாழ்த்தி வைக்கத் தேவையில்ல.