தூங்கும்போது ஈகோவுக்கு லீவா?

டோம்பிவலி ஃபாஸ்ட் | இரவு 10:40
இன்று காலை மும்பை லோக்கல் ரயிலில் அதிசயமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தாணே வருவதற்குள் தூங்கிவிட்டேன். கனவில் எங்கள் ஆபீஸ். ஆறு மாதம் முன்பு சேர்ந்த பையன் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று என் கணக்கில் தப்பு என்கிறான், அதுவும் சுத்தமான மராத்தியில். "மார்ச்சுக்கு அப்புறம் வரும் பிப்ரவரியை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்" என்கிறான். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. 14 வருட அனுபவம் இருந்தும் பதில் சொல்ல வாய் வரவில்லை. தாதர் வந்ததும் முழிப்பு வந்து இறங்கிவிட்டேன்.

அவனுக்கு வசனம் எழுதிக் கொடுத்தது என் மூளை. அதைக் கேட்டு வாயடைத்து நின்றதும் அதே மூளை. ஈகோ வேலையில் இருந்திருந்தால் என்னை நானே இப்படி அவமானப்படுத்திக்கொள்வேனா? என் கட்சி இதுதான்: தூக்கத்தில் ஈகோவுக்கு லீவு.

மாட்டுங்கா மாமி | 10:58
லீவில் போன ஆளுக்கு எதற்குத் தம்பி வேர்க்கிறது? அவமானம் வந்தது என்றாலே, அதைப் படுவதற்கு உள்ளே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். கனவுகள் எல்லாமே முழுக்கத் தன்னைப் பற்றியவைதான் என்று மனோதத்துவ மேதை ஃபிராய்டு வாதாடினார். யார் வேஷத்தில் வந்தாலும் ஒளிந்திருப்பது நம் 'நான்'தானாம். அவர் சொன்னதில் பாதியை நான் நம்புவதில்லை. இதை நம்புகிறேன்.

இரவு டியூட்டி | 11:20
நான் ஒரு ஆஸ்பத்திரியின் தூக்க ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். அடுத்தவர் தூங்குவதை ராத்திரி முழுக்கப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். தூங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில், மூடிய இமைக்குள் விழி படபடவென்று ஓட ஆரம்பிக்கும். சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் 1953-ல் எழுதிய ரெம் தூக்கம் (REM, விழி வேகமாக ஓடும் தூக்கம்) அதுதான். அப்போது எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். (காலையில் அரைத் தூக்கத்தோடு ரயிலேறுகிறவருக்கு அது சீக்கிரமே வந்துவிடும்.)

அந்த நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் ஒரு பகுதி அடங்கிவிடுகிறது. எடை போடுவதும் 'இது சரிதானா' என்று கேட்பதும் அதன் வேலை. பயத்தோடும் பதற்றத்தோடும் சம்பந்தப்பட்ட அமிக்டலா என்ற மூளைப் பகுதியோ சுறுசுறுப்பாக இருக்கும். மார்ச்சுக்கு அப்புறம் பிப்ரவரி என்றால் நீங்கள் சிரித்திருக்க வேண்டும், வேர்த்தது. ஆடிட்டர் தூங்கிவிட்டார், பயந்தாங்கொள்ளி மட்டும் முழித்திருக்கிறான்.

டோம்பிவலி ஃபாஸ்ட் | 11:24
அந்த ஆடிட்டர்தான் சார் ஈகோ! அப்படியென்றால் நான் சொன்னதுதானே சரி?

சயான் அடியார் | 11:51
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பொருளைப் பேசுகிறீர்கள். 'அவருக்கு ஈகோ ஜாஸ்தி' என்று பேசிப் பேசி வந்த வினை. சைவ சித்தாந்தத்தில் அகங்காரம் வேறு, ஆணவம் வேறு. மனம், புத்தி, சித்தம் போல அகங்காரமும் ஓர் உட்கருவி, அவ்வளவுதான். நனவில் 35 கருவிகள் வேலை செய்யும். கனவில் கண், காது முதலான ஐந்தும் வாய், கை, கால் முதலான ஐந்தும் ஒதுங்க, 25 மிஞ்சும். அந்த 25-ல் அகங்காரம் இருக்கிறது. தம்பிக்கு வேர்த்தது அதனால்தான்.

கனவில்லாத உறக்கத்தில் சித்தம், பிராணன் (உயிர்மூச்சு), புருடன் (அனுபவிக்கும் உயிர்) மூன்றே. அகங்காரம் அங்கே இல்லை. ஆணவம் இருக்கிறது. அது கருவி அல்ல, உயிரை மூடிய இருள். அதற்கு லீவே கிடையாது.

முலுண்ட் மௌனி | நள்ளிரவு 12:05
ஒப்புக்கொள்ள மாட்டேன். உறக்கத்தில் 'நான்' என்ற எண்ணமே எழுவதில்லை. ஆனாலும் காலையில் 'சுகமாகத் தூங்கினேன்' என்கிறோம். ரமணர் திரும்பத் திரும்பக் காட்டியது இதைத்தானே? அகந்தை போனாலும் நாம் இருந்தோம், சுகமாகவே இருந்தோம். அதை இருள் என்பது அநியாயம்.

சயான் அடியார் | 12:12
கரண்ட் போன வீட்டில் திருடன் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் அவன் வீட்டிலேயே இல்லை என்று சொல்லிவிடலாமா? தினமும் எட்டு மணி நேரம் அகந்தையை ஒழித்தவன் காலையில் பால் பாக்கெட்டுக்கு அண்டை வீட்டாரோடு ஏன் சண்டை போடுகிறான்?

முலுண்ட் மௌனி | 12:15
ஒடுங்கியதற்கும் ஒழிந்ததற்கும் வித்தியாசம் உண்டு என்று நாங்களும்தான் சொல்கிறோம். நான் பேசியது சுகத்தைப் பற்றி. அதற்குப் பதில் காணோம்.

இரவு டியூட்டி | 12:30
பெரியவர்களுக்கு நடுவில் ஒன்று. தாதரில் சரியாக எழுந்தாரே, எப்படி? 1960-ல் ஆஸ்வால்ட் என்ற தூக்க ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும், தூங்குகிறவர்கள் காதில் பல பெயர்களை ஒலிக்க விட்டார்கள். மற்ற பெயர்களைவிட சொந்தப் பெயருக்கு மூளையலை அதிகமாகத் துள்ளியது. காது முழுதாக மூடுவதில்லை, நமக்கு வேண்டியதைப் பொறுக்குகிறது.

ஆடிட்டர் நடுவில் எழுந்துகொள்வதும் உண்டு. 1975-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒருவர், கனவு காண்கிறோம் என்று தெரிந்தே, முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். ஹெர்ன் என்பவர் அதைக் கருவியில் பதிவு செய்தார்.

மாட்டுங்கா மாமி | 12:41
பார்த்தீர்களா, உங்கள் ஈகோ தூங்கும்போது செருப்பைக்கூடக் கழற்றவில்லை!

தம்பி, யுங் என்ற மனநல மருத்துவர் தன் நோயாளி ஒருத்தியைக் கனவில் கண்டார். அந்தப் பெண் மலைமேல் கோட்டை உச்சியில் இருக்கிறாள். பார்க்க அவர் தலையை நன்றாக அண்ணாக்க வேண்டியிருந்தது. கனவில் இவ்வளவு மேலே பார்க்கிறேன் என்றால் நனவில் அவளைக் கீழே பார்த்திருக்கிறேன் என்று அவருக்கு உறைத்ததாம். ஈகோ ஒரு பக்கம் சாய்ந்தால் கனவு மறுபக்கம் எடை வைக்கும் என்பது அவர் கட்சி. சரி, அந்தப் பையனை நீங்கள் பகலில் எப்படி நடத்துகிறீர்கள்?

டோம்பிவலி ஃபாஸ்ட் | 12:44
மரியாதையாகத்தான் மாமி. திட்டியதே இல்லை.

இரவு டியூட்டி | 12:46
மராத்தியில் பேசினான் என்றீர்களே. மராட்டியப் பையனா?

டோம்பிவலி ஃபாஸ்ட் | 1:10
இல்லை சார். தூத்துக்குடி. வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, மராத்தி இன்னும் பிடிபடவில்லை. என்னிடம் தமிழில்தான் பேசுவான். மற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் நான் மராத்தியில் பதில் சொல்வேன்.